உறையும் எண்ணெய், உறையாத எண்ணெய்

மார்கழி பிறந்து பத்து நாள் போனால், புவனகிரியில் விடிகாலை நேரத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. வெள்ளையாக, மெழுகு மாதிரி உறைந்து கிடக்கும். வாசல் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் தலைவார வேண்டும். அதே அலமாரியில் பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெய் மட்டும் எந்தப் பனிக்கும் மசியாது. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு நிற்கும் கூட்டம் குளிரில் கைகட்டி நிற்கிற நாளிலும் அது தூக்கில் தளும்பிக்கொண்டுதான் இருக்கும். இரண்டும் எண்ணெய், இரண்டும் வித்திலிருந்து ஆட்டி எடுத்தவை. அப்படியிருக்க ஒன்று உறைகிறது, ஒன்று உறைவதில்லை. ஏன்?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், எந்த எண்ணெயை எதற்கு வாங்குவது, எவ்வளவு ஊற்றுவது, எப்போது கொட்டிவிடுவது என்பதையெல்லாம் நாமே தீர்மானித்துக்கொள்ளலாம். விளம்பரத்தையோ வாட்ஸப்பில் சுற்றிவரும் செய்தியையோ நம்பி இருக்க வேண்டியதில்லை. அதற்காக முதலில் கொஞ்சம் வேதியியல் படித்துவிடுவோம். சவுக்குத் தோப்பு பார்த்தவர்களுக்கு அது ஒன்றும் கடினமில்லை.

சவுக்குக் கழியும் வேலிகாத்தானும்

நல்லெண்ணெய், நெய், ஆட்டுக்கறியில் வெள்ளையாக ஒட்டியிருக்கும் நிணம் என எந்தக் கொழுப்பை எடுத்தாலும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். கிளிசரால் என்ற சின்னஞ்சிறு தண்டு, அதிலிருந்து தொங்கும் மூன்று வால்கள். ஒவ்வொரு வாலும் ஒரு கொழுப்பு அமிலம். கார்பன் அணுக்களைச் சரமாகக் கோத்து, அந்தச் சரத்தின் இருபுறமும் ஹைட்ரஜன் அணுக்களைப் பதித்தால் அதுதான் வால். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'டிரைகிளிசரைடு' என்று ஒரு வரி வருமே, அது இந்த மூன்று வால் அமைப்பின் பெயர்தான்.

எண்ணெய்க்கு எண்ணெய் வித்தியாசம் வருவது இந்த வால்களால். சரத்தில் உள்ள ஒவ்வொரு கார்பனும் தன்னால் ஏந்த முடிந்த அளவுக்கு ஹைட்ரஜனை ஏந்தியிருந்தால் வால் நேராக இருக்கும். இதை நிறைவுற்ற கொழுப்பு என்கிறோம். ஓரிடத்தில் ஹைட்ரஜன் குறைந்து, இரண்டு கார்பன்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்துக்கொண்டால், வால் அந்த இடத்தில் வளைந்துவிடும். ஒரு வளைவு இருந்தால் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, ஒன்றுக்கு மேல் இருந்தால் பன்மை நிறைவுறாக் கொழுப்பு.

பரங்கிப்பேட்டைப் பக்கம் சவுக்குக் கழி ஏற்றிப் போகும் லாரியை எல்லோரும் பார்த்திருப்போம். கழிகள் நேராக இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டி, கை நுழைய இடமில்லாமல் அடங்கிவிடும். அதே லாரியில் வேலிகாத்தான் கிளையை வெட்டி ஏற்றிப் பாருங்கள். கோணல்மாணலாக எழும்பி நிற்கும். எத்தனை பேர் ஏறி மிதித்தாலும் அடங்காது. நேரான வால்களைக் கொண்ட கொழுப்பு சவுக்கைப் போல நெருங்கி அடங்குகிறது, அதனால் சீக்கிரம் கட்டிப்படுகிறது. வளைந்த வால்கள் நெருங்க முடியாமல் நெகிழ்ந்தே கிடக்கின்றன, அதனால் திரவமாக இருக்கின்றன.

ஒரு வளைவு எவ்வளவு மாற்றும் என்பதற்கு இந்த மூன்றைப் பாருங்கள். ஸ்டியரிக் அமிலம், ஓலியிக் அமிலம், லினோலெயிக் அமிலம் மூன்றிலும் 18 கார்பன்கள்தான். வளைவே இல்லாத ஸ்டியரிக் உருகுவதற்கு ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஒரு வளைவு உள்ள ஓலியிக் 14 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். இரண்டு வளைவு உள்ள லினோலெயிக் பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 5 டிகிரியில்தான் உறைகிறது.

இப்போது மார்கழி அலமாரிக்கு வருவோம். தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு 90 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அதன் வால்கள் பெரும்பாலும் 12 கார்பன் கொண்ட குட்டை வால்கள் என்பதால் சுமார் 24 டிகிரியில் உருகுகிறது. நம் ஊர்ப் பகல் வெயிலில் அது எப்போதும் எண்ணெய்தான். விடிகாலைக் குளிர் அதற்குக் கீழே இறங்கும் சில வாரங்களில் மட்டும் உறைகிறது. நல்லெண்ணெயில் நிறைவுற்றது 15 பங்குதான். மீதி ஓலியிக்கும் லினோலெயிக்கும் கிட்டத்தட்டச் சரிபாதி. அதனால்தான் அது உறையவில்லை.

வளைவை நிமிர்த்தினால் வரும் கேடு

திரவ எண்ணெயைக் கட்டியாக்க முடியுமா என்று பார்த்த ஜெர்மானிய வேதியியலர் வில்ஹெல்ம் நார்மன், நிக்கல் தூளை வைத்து எண்ணெய்க்குள் ஹைட்ரஜனை ஏற்றும் முறைக்கு 1902-இல் காப்புரிமை வாங்கினார். அதன் பிள்ளைதான் வனஸ்பதி. நம் நாட்டில் 1937-இல் டால்டா என்ற பெயரில் வந்து, வனஸ்பதிக்கே டால்டா என்று பெயர் நிலைத்துவிட்டது.

ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது ஒரு விபரீதம் நடக்கிறது. சில இடங்களில் ஹைட்ரஜன் ஏறாமல், இரட்டைப் பிணைப்பு அப்படியே இருந்துகொண்டு, வால் மட்டும் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்துவிடுகிறது. இதுதான் டிரான்ஸ் கொழுப்பு. நிறைவுறாக் கொழுப்பு என்ற பேர் இருக்கும், உருவம் மட்டும் சவுக்குக் கழி. நம் உடம்பு இதற்குப் பழகியதில்லை. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை (எல்.டி.எல்.) ஏற்றி, நல்ல கொலஸ்ட்ராலை (எச்.டி.எல்.) இறக்குகிறது. இரண்டு பக்கமும் அடிக்கிற கொழுப்பு இது ஒன்றுதான்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் இதற்கான உச்சவரம்பை 2021 ஜனவரியில் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரியில் 2 சதவீதமாகவும் குறைத்தது. நல்ல முடிவு, தாமதமாக வந்த முடிவு. ஆனாலும் பேக்கரியில் பஃப்ஸ், க்ரீம் பன் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். தின்று முடித்த பிறகு மேல் அண்ணத்தில் மெழுகு தடவினாற்போல ஒரு படலம் நின்றால், அந்தக் கொழுப்பு வாய்ச் சூட்டுக்கும் உருகாத கட்டிக் கொழுப்பு. டிரான்ஸ் இல்லாவிட்டாலும் நிறைவுற்றது நிறைய இருக்கும். பிள்ளைகளுக்கு அதை அன்றாடத் தீனியாக வாங்கித் தராதீர்கள்.

கொழுப்பு உடம்பில் என்ன செய்கிறது

தமிழில் 'கொழுப்பு' என்றாலே திமிர் என்று ஒரு பொருள் ஏறிவிட்டது. கொழுப்பெடுத்தவன் என்று திட்டுகிறோம். இன்னொரு பக்கம், வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்று பழமொழி சொல்கிறது. மருத்துவருக்குத் தரும் காசைச் செக்காட்டுபவருக்குத் தந்து நல்ல எண்ணெய் வாங்கு என்பது அதன் பொருள். எனக்குப் பழமொழியின் பக்கம் நிற்கத்தான் தோன்றுகிறது. கொழுப்பு இல்லாமல் ஒரு செல்கூட உயிரோடு இருக்க முடியாது.

ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் நெய்தது. அந்தச் சவ்வு இளக்கமாக இருக்க வளைந்த வால்கள் வேண்டும். நரம்புகளின் மேல் மின்கம்பி உறை போலச் சுற்றியிருப்பதும் பெரும்பாலும் கொழுப்புதான். மூளையின் உலர் எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. ஆண், பெண் ஹார்மோன்களும், வைட்டமின் டி-யும், பித்தநீரின் உப்புகளும் கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகின்றன. சிறுநீரகத்தைச் சுற்றி மெத்தை போட்டிருப்பதும் இதுதான்.

சேமிப்பு வேலையில் கொழுப்பை மிஞ்ச ஆளில்லை. ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. மாவுச்சத்தை உடம்பு சேர்த்துவைத்தால் கூடவே தண்ணீரையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். கொழுப்புக்கு அந்தச் சுமை கிடையாது. நெல்லைக் குதிரில் கொட்டிவைத்த வீடு மாதிரி, உடம்பு தன் விளைச்சலைக் கொழுப்பாக்கிப் பூட்டுகிறது. பஞ்சம் வரும் என்று நினைத்துப் பூட்டுகிறது. பஞ்சம் வராத வீட்டில் குதிர் நிறைந்து வழிவதுதான் இன்றைய சிக்கல்.

உடம்பு தானே செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் இரண்டு உண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஒன்று ஒமேகா-6 இனத்தின் லினோலெயிக், மற்றொன்று ஒமேகா-3 இனத்தின் ஆல்பா லினோலெனிக். 1929-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி, கொழுப்பை முற்றிலும் நீக்கிய தீனியை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கலோரி போதுமான அளவு இருந்தும் எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. கொழுப்பும் ஓர் அத்தியாவசியச் சத்து என்று உலகம் ஒப்புக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில்தான் கரையும். முருங்கைக்கீரையை வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பிழிந்து சாப்பிட்டால் அதில் உள்ள கரோட்டின் பெரும்பகுதி வந்த வழியே போய்விடும். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்து வதக்கினால் உடம்பில் ஒட்டும். மாலைக்கண் நோயை எதிர்த்து நிற்க உதவுவது இந்தக் கரோட்டின்தான். 'டயட்' என்று சொல்லி எண்ணெயே இல்லாமல் கீரை சாப்பிடுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

செரிமானம் எப்படி நடக்கிறது? எண்ணெய் தேய்த்த தலையில் வெறும் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் போகாது. சீயக்காய் போட்டால் எண்ணெய் துளித்துளியாக உடைந்து தண்ணீரோடு போகும். குடலில் சீயக்காயின் வேலையைப் பித்தநீர் செய்கிறது. உடைந்த துளிகளைக் கணையத்தின் லைப்பேஸ் நொதி வெட்டி, வால்களைப் பிரிக்கிறது. பித்தநீரைச் சேர்த்துவைக்கும் பித்தப்பையை எடுத்துவிட்டவர்களுக்கு ஒரே வேளையில் நிறைய எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாமல் போவது இதனால்தான். அவர்கள் கொழுப்பை வேளைக்குக் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்ப்பாலின் கலோரியில் ஏறத்தாழ பாதி கொழுப்பிலிருந்து வருகிறது. இயற்கை அப்படி வைத்திருப்பதற்குக் காரணம், மூளை வேகமாக வளரும் காலம் அது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆடை நீக்கிய பால் கொடுக்காதீர்கள். பருப்புச் சாதத்தில் நெய்யைக் குறைக்காதீர்கள்.

நம்மைச் சுற்றி விளையும் கொழுப்பு

புவனகிரி இருக்கும் இடம் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த இடம். மேற்கே விருத்தாசலம், வடக்கே பண்ருட்டிப் பக்கம் செம்மண் மேட்டில் மல்லாட்டையும் முந்திரியும். ஊரைச் சுற்றி வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் நெல் வயல்கள், சம்பா அறுப்புக்குப் பின் அதே ஈரத்தில் உளுந்து. கிழக்கே கடல். விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'வி.ஆர்.ஐ.' என்று தொடங்கும் ரகங்கள் நிலக்கடலையிலும் எள்ளிலும் முந்திரியிலும் அங்கிருந்து வந்தவை.

வெளியூரில் நிலக்கடலை, வேர்க்கடலை என்பார்கள். நமக்கு அது மல்லாட்டை, கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) மணிலா. பருப்பில் பாதி எண்ணெய். அந்த எண்ணெயில் நிறைவுற்றது 20 பங்குக்கு உள்ளேதான், ஓலியிக் ஏறத்தாழ பாதி, மீதி லினோலெயிக். எண்ணெயாக வாங்குவதைவிட வேகவைத்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி தின்பது இன்னும் மேல். கால் பங்குக்கு மேல் புரதமும் கூடவே கிடைக்கும். முந்திரியில் 100 கிராமுக்கு 45 கிராம் கொழுப்பு. அதில் பெரும்பகுதி ஓலியிக் என்பதால் முந்திரியைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் பத்துப் பருப்பு தின்றாலே ஒன்றரைத் தேக்கரண்டி எண்ணெய்க்குச் சமம் என்பதையும் மறக்க வேண்டாம்.

எள்ளும் நெய்யும் சேர்ந்துதான் எண்ணெய் என்ற சொல்லே வந்தது. எள்ளின் நெய்தான் முதல் எண்ணெய், மற்றவை எல்லாம் பிறகு அந்தப் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டவை. நல்லெண்ணெயில் பன்மை நிறைவுறாக் கொழுப்பு அதிகம். அப்படிப்பட்ட எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க வேண்டும். அடிப்பதில்லை. எள்ளில் உள்ள செசமால் போன்ற பொருள்கள் ஆக்சிஜன் தாக்காமல் அதைக் காக்கின்றன. ஊறுகாய்க்கு நல்லெண்ணெயே ஊற்று என்று சொன்ன நம் பெரியவர்களின் கைக்கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

உளுந்தைப் பார்த்து யாரும் கொழுப்பு என்று சொல்ல மாட்டார்கள். 100 கிராமில் ஒன்றரை கிராம் அளவுதான் கொழுப்பு. ஆனால் அந்தச் சொற்பத்தில் ஆல்பா லினோலெனிக் அமிலத்தின் பங்கு பெரிது. மீன் சாப்பிடாத வீட்டுக்கு ஒமேகா-3 வரும் வழிகளில் இட்லிமாவும் உளுந்தங்களியும் உண்டு. ஆளிவிதை வாங்கி வறுத்துப் பொடியாக்கி இட்லிப் பொடியில் கலந்துகொண்டால் இன்னும் நல்லது.

மீன் சாப்பிடுபவர்களுக்கு என் கட்சி மத்தி. முடசல்ஓடையிலும் அன்னங்கோயிலிலும் படகு வந்து இறங்கும் மத்தியும் கானாங்கெளுத்தியும், வஞ்சிரத்தைவிட மிக மலிவு. மூளைக்கும் இதயத்துக்கும் தேவையான நீண்ட சங்கிலி ஒமேகா-3 நிறைந்திருப்பது இந்த எண்ணெய் மீன்களில்தான். வாரம் இரண்டு முறை போதும். பொரித்தால் மீனின் கொழுப்பு கடாய்க்கும் கடாயின் எண்ணெய் மீனுக்கும் இடம் மாறிவிடும். குழம்பாக வைத்தால் இறங்கிய கொழுப்பும் குழம்பிலேயே நிற்கும், சோற்றோடு வயிற்றுக்கு வந்துவிடும்.

இறாலைப் பற்றி வீண்பயம் நிறைய. அதில் கொலஸ்ட்ரால் உண்டு, கொழுப்பு 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரு கிராம்தான். உணவில் வரும் கொலஸ்ட்ராலைவிட, நிறைவுற்ற கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும்தான் பெரும்பாலோருக்கு எல்.டி.எல்.லை அதிகம் ஏற்றுகின்றன. கல்லீரலே தினமும் கொலஸ்ட்ராலைச் செய்கிறது. அதேபோல், எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். தாவர எண்ணெய் எதிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது.

பாலில் மறைந்திருக்கும் கொழுப்பை ஆவின் பாக்கெட்டின் நிறத்தை வைத்தே கணக்கிடலாம். நீலம் 3 சதவீதம், பச்சை 4.5, ஆரஞ்சு 6. அரை லிட்டர் நீலப் பாக்கெட்டில் 15 கிராம், ஆரஞ்சில் அதைப்போல் இருமடங்கு. வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்குப் பச்சையோ ஆரஞ்சோ வாங்கலாம். ஐம்பதைத் தாண்டி எல்.டி.எல். ஏறியிருக்கும் பெரியவர்களுக்கு நீலம்.

ரேஷன் கடையில் ஒரு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலை விஷம் என்று சொல்வோர் உண்டு. அது அநியாயமான பேச்சு. அந்தப் பாக்கெட்டை நம்பித் தாளிக்கும் வீடுகள் ஏராளம். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு பாதியைத் தொடும். எனவே மாதம் முழுக்க அதை மட்டுமே ஊற்றக் கூடாது என்பதுதான் சரி. சூட்டைத் தாங்கும் குணம் அதற்கு உண்டு. வடை, அப்பளம் பொரிக்க அதை வைத்துக்கொண்டு, தாளிக்கவும் வதக்கவும் மணிலா எண்ணெயோ நல்லெண்ணெயோ அரை லிட்டராவது வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷனில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தர வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நம் மண்ணில் விளைவது நம் பிள்ளைகள் தட்டுக்கு வரவேண்டும் என்பதால் அந்தக் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன்.

வாங்கும்போது

மரச்செக்கு எண்ணெய் வாங்குபவர்கள் ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள். அதில் புண்ணாக்கு விற்ற காசைக் கழித்துக்கொள்ளலாம். இதற்கு மிகவும் கீழே விலை சொன்னால், அது சுத்தமான கடலை எண்ணெயாக இருக்க வழியில்லை.

செக்கில் ஆட்டிய எண்ணெய் மணமானது, சுத்திகரிக்காதது. அதே காரணத்தால் பருப்பில் இருந்த கெடுதலும் எண்ணெயோடு வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் பட்ட மல்லாட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். அதன் நஞ்சான அஃப்ளடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழிசெய்யும், அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாது. வீட்டுப் பருப்பை ஆட்டக் கொடுப்பவர்கள் நன்றாகக் காயவைத்து, சுருங்கியதையும் கறுத்ததையும் கசப்பதையும் கையால் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொடுங்கள். ஒரு மதிய நேரம் அதற்குச் செலவாகட்டும்.

சிதம்பரம் கடைத்தெருவில் விளக்கேற்றும் எண்ணெய் பாக்கெட்டுகளும் நல்லெண்ணெய் பாக்கெட்டுகளும் அடுத்தடுத்துத் தொங்கும். படங்கள் ஒன்றுபோலவே இருக்கும். விளக்கேற்றும் எண்ணெய் மலிவாக இருக்கிறதே என்று சமையலுக்கு எடுத்துவிடாதீர்கள். 'விளக்கேற்ற மட்டும்' என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். செறிவூட்டிய எண்ணெயில் கூட்டல் குறியோடு ஓர் ஆங்கில 'எஃப்' நீல நிறத்தில் இருக்கும். வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று பொருள்.

எவ்வளவு

புவனகிரியில் என் அக்கா வீட்டில் நாலு பேர். மாதாமாதம் எண்ணெய் ஆறு லிட்டரைத் தாண்டுவதாகச் சொன்னாள். "தாளிக்க ரெண்டு ஸ்பூன்தான்டா ஊத்துறேன், அதுக்கு மேல ஊத்துறதே இல்ல" என்றாள். வழக்கம்போலத் தூக்கைச் சாய்த்து ஒரு கிண்ணத்தில் ஊற்றச் சொல்லி, அதைத் தேக்கரண்டியால் அளந்தேன். ஐந்து கரண்டியும் கொஞ்சமும் வந்தது. "நெசமாவாடா?" என்று தானே இன்னொரு தடவை ஊற்றி அளந்து பார்த்தாள். ஆறு வந்தது. அக்கா பொய் சொல்லவில்லை. அகன்ற வாய்த் தூக்கிலிருந்து சாய்த்து ஊற்றினால் யார் கைக்கும் கணக்கு நிற்காது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, நாளுக்கு 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு எண்ணெய், நெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாலரை கிராம். ஆக, ஆளுக்கு ஆறு தேக்கரண்டி. நாலு பேர் வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். நாற்று நடுவது, களையெடுப்பது, மூட்டை தூக்குவது என்று உடலுழைப்பு உள்ளவர்களுக்கு இன்னும் சில கரண்டி கூடலாம்.

எண்ணெயைக் குறைத்தவர்கள் அந்த இடத்தைச் சோற்றால் நிரப்பிவிடக் கூடாது. வெள்ளைச் சோறும் சர்க்கரையும் அதிகமானால் கல்லீரல் அதையே டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் விடும். 'நான் எண்ணெயே தொடுவதில்லை, ஆனாலும் டிரைகிளிசரைடு ஏறியிருக்கிறது' என்பவர்கள் தட்டில் இருக்கும் சோற்றின் அளவைப் பார்க்க வேண்டும். அந்த எண் 150-க்குக் கீழே இருப்பதுதான் நல்லது. குறைந்த சோற்றின் இடத்தில் காயும் பருப்பும் வரட்டும்.

கத்தரிக்காய் கொத்சு நம் பக்கத்துப் பெருமை. கத்தரிக்காயின் உட்புறம் பஞ்சு மாதிரி காற்றறைகள் நிறைந்தது. பச்சையாக எண்ணெயில் போட்டால் ஊற்ற ஊற்றக் குடிக்கும். நறுக்கிய துண்டுகளில் உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, விட்ட நீரைப் பிழிந்துவிட்டு வதக்குங்கள். அறைகள் அடங்கிவிடும், பாதி எண்ணெயே போதும். இறக்கும்போது மேலே ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டால் கொத்சுவின் மணம் குறையாது.

கடாயின் விளிம்பில் பார்க்க வேண்டியது

அடிக்கடி பொரிக்கும் கடாயின் வெளிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். பழுப்பாக, வேம்பின் பிசின் போல விரலில் ஒட்டும். தேய்த்தாலும் எளிதில் போகாது. எண்ணெயின் வளைந்த வால்கள் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆன பொருள் அது. விளிம்பில் ஒட்டியிருப்பதுதான் எண்ணெய்க்குள்ளும் கரைந்திருக்கிறது. வளைவு அதிகமுள்ள எண்ணெயில் இது சீக்கிரம் உண்டாகும். சூரியகாந்தி எண்ணெயில் பன்மை நிறைவுறாக் கொழுப்பு 60 பங்கு அளவு இருப்பதால், அதில் திரும்பத் திரும்பப் பொரிப்பது தவறு. பொரிக்க மணிலா எண்ணெயோ பாமாயிலோ தாங்கும். நல்லெண்ணெயை மிதமான தீயில் வைத்துக்கொள்ளுங்கள். செக்கு எண்ணெய் எதுவானாலும் சுத்திகரித்ததைவிடச் சீக்கிரம் புகையும். புகைந்துவிட்டால் தீயைக் குறைப்பதில் பலனில்லை, அந்த எண்ணெய் கெட்டுவிட்டது.

கடைகளில் பொரிக்கும் எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. ஆனால் கண் இருக்கிறது. பஜ்ஜி போட்டதும் குமிழ் உடையாமல் நுரை நுரையாகப் பொங்கி நின்றால், எண்ணெய் கறுத்துக் கெட்டியாக ஒழுகினால், பக்கத்தில் நின்றாலே கண் கரித்தால், அந்தக் கடையில் வாங்காதீர்கள். வீட்டில் ஒருமுறை பொரித்த எண்ணெயை ஆறியதும் வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். பழைய எண்ணெயின் தலையில் புது எண்ணெயை ஊற்றி மறுபடி பொரிக்காதீர்கள்.

எண்ணெயைக் கெடுப்பவை சூடு, வெளிச்சம், காற்று. நம் வீடுகளில் எண்ணெய்த் தூக்கு இருக்கும் இடமோ அடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில், ஜன்னலுக்கு நேர் எதிரே. இன்று ராத்திரி சமையல் முடிந்ததும் அந்தத் தூக்கை எடுத்து, மூடி இறுக்கி, இருட்டான அலமாரியில் வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே ஒரு தேக்கரண்டி கிடக்கட்டும்.